நாளைக்கு ஆரம்பிக்கலாம்!

கணியம்பாடியில் தேகப் பயிற்சி தொடங்குவதற்கு உகந்த மாதம் எது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தால், அப்படி ஒரு மாதமே வருஷத்தில் இல்லை என்று தெரியவரும். தை மாதம் பொங்கல். கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் தீரட்டும். மாசியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கிவிடுகிறது. பங்குனி பிறந்தால் வெயில். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் கல்யாணங்கள். பந்தியில் உட்கார்ந்தவன் பாயசத்தை வேண்டாமென்று சொல்வது பெண் வீட்டாரை அவமதிப்பதாகும். ஆனியில் பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது. ஆடியில் ஊர்தோறும் அம்மனுக்குக் கூழ்; அன்றியும், ஆடியில் புதுக் காரியம் எதையும் ஆரம்பிக்கலாகாது. ஆவணியில் மறுபடியும் கல்யாணங்கள். புரட்டாசியில் விரதம், விரதம் இருப்பவன் வேகமாக நடந்தால் மயக்கம் வராதா? ஐப்பசியில் தீபாவளி, கூடவே அடைமழை. கார்த்திகையில் தெருவெல்லாம் சேறு. மார்கழியில் பனி தலைக்கு ஆகாது. ஆகவே தை பிறக்கட்டும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று பெரியோர்கள் சொல்லி வைத்தது இந்தக் காரியத்துக்காகத்தான் போலும்!

சொல்லும் விதம் வேடிக்கையாக இருப்பினும் விஷயம் வேடிக்கையானதல்ல. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் பல பத்தாண்டுகளாக நமது கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று ஜனங்களின் ஆரோக்கியத்தைக் கவனித்து வருகிறார்கள். 1991 முதல் 1994 வரை ஒரு முறையும், 2010 முதல் 2012 வரை மறு முறையும், வேலூர் நகரத்தாரையும் இந்த ஒன்றியத்துக் கிராமத்தாரையும் பரிசோதித்து, இருதய வியாதிக்கு வித்திடும் அம்சங்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் பருமனும் நீரிழிவும் பட்டணத்தில் ஏறியது பற்றி யாரும் ஆச்சரியப்படவில்லை. கிராமத்திலும் வெகுவாக ஏறியிருந்ததுதான் யோசிக்க வேண்டிய சங்கதி. நீரிழிவு பணக்கார வியாதி, பட்டணத்து வியாதி என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சுக்கு இப்போது இடமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி தேசத்தில் நீரிழிவுக்காரர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடிப் பேர். வாசற்படியில் நிற்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உள்ளே போகாமல் திரும்பிவர அவர்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. திரும்புவதற்கான வழிகளில் நடை மிகச் செலவு குறைந்தது.

இதைச் சொன்னவுடன் வரும் முதல் பதில், "நாங்கள் உழைக்கிறவர்கள், எங்களுக்கு எதற்குத் தனியாக அப்பியாசம்?" என்பது. இது முழுவதும் பொய்யான பதிலன்று. நாகநதியில் நீர் ஊறுவதற்காக நூறு நாள் வேலைத் திட்டத்தின் கீழ் நமது பக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடிக் கிணறுகளும் தடுப்புகளும் அமைத்ததை நாடே அறியும். 2021 செப்டம்பரில் பிரதம மந்திரியின் வானொலிப் பேச்சிலும் அது இடம் பெற்றது. மண் சுமந்த அந்தத் தாய்மார்களிடம் போய்த் தேகப் பயிற்சியைப் பற்றி நான் பிரசங்கம் செய்தால், அவர்கள் கூடையை என் தலையில் வைத்துவிடுவார்கள். வைக்கவும் வேண்டும்.

ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று விரிந்து கிடக்கும் நமது தோல் பிரதேசத்தில் பெரும்பாலான உழைப்பு இன்று அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. (2019-ல் ஜில்லாவை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், தோலின் வாசனைக்கு மட்டும் எல்லை வகுக்க முடியவில்லை.) ஷூ கம்பெனியில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர் சாயங்காலம் வரையில் உட்கார்ந்தபடியே இருக்கிறார். களைப்பு உண்டு, கண் எரிச்சல் உண்டு, முதுகு வலி உண்டு. காலும் இருதயமும் மாத்திரம் வேலை செய்யவில்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு. உலகத்தார் ஓடுவதற்கும் நடப்பதற்கும் பாதரட்சை தைத்து அனுப்பிவிட்டு, நாம் கம்பெனிப் பஸ்ஸில் ஏறி வீட்டு வாசலில் இறங்குகிறோம்.

இந்த வித்தியாசத்தை முதன்முதலில் கண்டறிந்தது லண்டன் பஸ்களில். அங்கே இரட்டை மாடிப் பஸ்கள் உண்டல்லவா? ஜெரிமி மோரிஸ் என்ற வைத்தியர் அந்தப் பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஆராய்ந்து 1953-ல் தம் முடிவை வெளியிட்டார். இருவரும் ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஆனால் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார்; கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காகத் தினம் 500 படிகளுக்கு மேல் ஏறி இறங்கினார். மாரடைப்பு டிரைவர்களையே அதிகமாகத் தாக்கிற்று. அதுவும் இளவயதிலேயே அவர்களைக் கொண்டுபோயிற்று. அந்தக் கண்டக்டர்களில் ஒருவரும் தேகப் பயிற்சிக் கூடத்துக்குப் போனதற்காக இந்தப் பாதுகாப்பைப் பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாடிப்படிதான் அவர்களுக்குக் கூடம்.

நிற்க. சாக்குப்போக்கைக் கேலி செய்வது சுலபம். ஆனால் எல்லாத் தடைகளும் சாக்குகள் அல்ல. என் மாணவி ஒருத்தியின் தாயார், ஷூ கம்பெனியில் வேலை செய்பவர், இந்தப் பேச்சு வந்தபோது சொன்னார்: "சார், நாலரை மணிக்கு எழுந்து சோறு வடிச்சு, மூணு டிபன் டப்பா கட்டி வச்சுட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கணும். திரும்பி வரப்போ இருட்டிப் போகுது. திருவண்ணாமலை ரோட்டுல லாரி வர வேகத்துல, ஒத்தையில எங்க சார் நடக்கிறது?" இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவரிடம் மன உறுதி போதவில்லை என்று சொல்பவன் நாலரை மணிக்கு ஒரு நாளாவது எழுந்து மூன்று டப்பா கட்டிப் பார்க்கட்டும். அவர் சொன்னது காரணம், சாக்கல்ல. அந்தக் காரணத்தைப் போக்க வேண்டிய பொறுப்பு அவருடையதும் அல்ல. பாதிப் பொறுப்பு, தெருவிளக்கும் நடைபாதையும் போட வேண்டிய பஞ்சாயத்தாருடையது. மற்றப் பாதி, அந்த மூன்று டப்பாக்களில் ஒன்றைத் தாமே கட்டிக்கொள்ளக் கூடிய வீட்டு ஆண்மக்களுடையது. இந்தப் பத்தியை வீட்டிலுள்ள பெண்டிருக்குப் படித்துக் காட்டி, "பார், நீ நடக்க வேண்டுமாம்" என்று சொல்ல உத்தேசித்திருந்த கனவான்கள் முந்தைய வாக்கியத்தை இரண்டு முறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அப்படிப்பட்ட காரணம் ஏதுமில்லாமல், காலையில் தினசரிப் பத்திரிகையும் இரண்டாவது காப்பியுமாக ஒரு மணி நேரம் திண்ணையில் அமரக் கூடிய நம்மைப் போன்றவர்களின் சங்கதியைப் பார்ப்போம். நமக்கு வேண்டியது ஊக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஊக்கமூட்டும் புத்தகங்கள் விற்கின்றன. ஊக்கமூட்டும் பிரசங்கங்கள் கைப்பேசியில் பொழிகின்றன. அவற்றைப் படுத்துக்கொண்டே கேட்கலாம் என்பது அவற்றின் விசேஷம். இந்த ஊக்கத்தால் என்ன பலன் என்பதை இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் 248 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவை அதன் போக்கில் விட்டார்கள். இரண்டாவது பிரிவுக்கு, பயிற்சியின் நன்மையையும் பயிற்சியின்மையின் அபாயத்தையும் எடுத்துக் கூறும் பிரசுரத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு அதே பிரசுரத்துடன் ஒரு காகிதத்தையும் கொடுத்து, வரும் வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வேன் என்று எழுதச் சொன்னார்கள். வாரம் முடிந்ததும் கணக்குப் பார்த்தால், சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 38 பேர் பயிற்சி செய்திருந்தார்கள். உபதேசம் படித்தவர்களில் 35 பேர்! நாள், நேரம், இடம் எழுதியவர்களில் 91 பேர். உபதேசமே ஜீவனமாகக் கொண்ட உபாத்தியாயர் வர்க்கத்தைச் சேர்ந்த எனக்கு இந்தக் கணக்கைப் பார்த்துச் சற்று மனவருத்தம் ஏற்பட்டது உண்மை. ஆயினும் கணக்கு கணக்குதான்.

நாள், நேரம், இடம்: இவை மூன்றும் குறித்துவிட்டால் நம்மவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதை அறிய இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. கணியம்பாடி வழியாகச் செல்லும் அதே சாலையில், பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குச் செல்லும் பஸ்களைப் பார்த்தால் போதும். கடைத்தெருவுக்குப் போக மோட்டார் சைக்கிள் கேட்பவர், மாடியேறினால் மூச்சு வாங்குகிறது என்பவர், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்ப்பவர், எல்லாரும் அந்தப் பஸ்ஸில் இருக்கிறார்கள். அன்றிரவு அண்ணாமலையை வலம் வரும் 14 கிலோமீட்டரையும் நடந்து முடித்து, விடியற்காலையில் திரும்பி வருகிறார்கள். மறுநாள் அவர்களை அரை கிலோமீட்டர் நடக்கச் சொன்னால் பழைய முழங்கால் திரும்பி வந்துவிடுகிறது!

அண்ணாமலையார் அருள் என்று பக்தர்கள் சொல்வார்கள். மறுக்க நான் யார்? ஆனால் மனித ஏற்பாடும் அங்கே நிறைய இருக்கிறது. நாளை நாம் குறிக்கவில்லை, சந்திரன் குறிக்கிறான். ஆகையால் ஒத்திப்போட இடமில்லை. பாதை தெரிந்த பாதை. எங்கே திரும்புவது, எங்கே உட்காருவது என்று யோசிக்க வேண்டாம். எட்டு லிங்கங்களும் வரிசையாக வழி சொல்கின்றன. முன்னும் பின்னும் ஆயிரமாயிரம் பேர் நடக்கிறார்கள். பாதியில் நின்றால் பக்கத்து வீட்டு அம்மாள் என்ன நினைப்பாள்? இவ்வளவு கட்டுகளையும் போட்டுவிட்டால் ஊக்கம் இருந்தாலும் நடை நடக்கும், இல்லாவிட்டாலும் நடக்கும். மாதம் ஒரு முறை வரும் இந்த ஏற்பாட்டைச் சிறிதாக்கித் தினந்தோறும் வரும்படி செய்துகொள்வதுதான் நம்முன் உள்ள வேலை. காலை ஐந்தரை மணி, இந்தத் தெருமுனை, இன்னார் வாசலில் வந்து குரல் கொடுப்பார் என்று மூன்றையும் முடிச்சுப் போட்டு வையுங்கள். இதில் மூன்றாவது முடிச்சுதான் பலமானது. தன்னை ஏமாற்றத் தெரிந்தவர்கள் அநேகர். வாசலில் செருப்புச் சத்தத்துடன் நிற்கும் நண்பரை ஏமாற்றத் தெரிந்தவர்கள் சிலரே.

உடம்பு இடம் கொடுக்கவில்லை என்பவர்களுக்கு ராஜாஜியை நினைவுபடுத்த விரும்புகிறேன். நமது வேலூர்ச் சிறையில் 1921 டிசம்பரில் அடைக்கப்பட்டு மூன்று மாதம் இருந்தவர் அவர். மெலிந்த தேகம், ஆஸ்துமா என்னும் மூச்சிரைப்பு அவரை விடாமல் தொடர்ந்த வியாதி. அப்படிப்பட்டவர் 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி, தமது 51-ஆவது வயதில், சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து புறப்பட்டு வேதாரண்யம் வரை 150 மைல் நடந்தார். சித்திரை மாதத்து வெயில் என்பதை மறக்க வேண்டாம். அதற்கு ஒரு மாதம் முன்பு புறப்பட்ட காந்திஜி, அறுபது வயதில், சபர்மதியிலிருந்து தண்டிக்கு 241 மைலை 24 நாளில் நடந்து முடித்திருந்தார். சராசரி பார்த்தால் இரண்டு யாத்திரையும் தினம் பத்து மைல் அளவில்தான். ஆவேசமாக ஒரே நாளில் ஓடிக் களைத்து விழும் காரியமாக அவற்றை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. இன்ன ஊரில் காலை, இன்ன ஊரில் இரவு என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு அதன்படி நடந்தார்கள். சுயராஜ்யத்துக்கே அட்டவணை தேவைப்பட்டதென்றால் நமது தொந்திக்குத் தேவையில்லையா?

வேலூரின் மற்றொரு பெருமையான ஐடா ஸ்கடர் அம்மையாரும், மருத்துவமனையையும் கல்லூரியையும் கட்டி நடத்திய ஓயாத வேலைகளுக்கிடையே, முதிர்ந்த வயதிலும் டென்னிஸ் ஆடினார். அவரைவிட அதிக வேலை உள்ளவர்கள் மட்டும் "நேரமில்லை" என்று சொல்லலாம்.

அடுத்தபடியாக, "செய்தால் முழுதாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு?" என்ற கொள்கை. கேட்பதற்கு வீரமாக இருக்கிறது. செயலில் இதைப் போன்ற சோம்பேறித்தனம் வேறில்லை. தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும், என்னால் ஆகாது, ஆகவே உட்கார்ந்திருக்கிறேன் என்கிறார்கள். இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? டோக்கியோவில் 1964-ல் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. மறு வருஷம் ஜப்பானியக் கம்பெனி ஒன்று, அடிகளை எண்ணும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குப் "பத்தாயிரம் அடி மானி" என்று பொருள்படும் பெயரைச் சூட்டிற்று. பெயர் கவர்ச்சியாக அமைந்தது. எண் உலகமெல்லாம் பரவிற்று. தமிழக அரசு 2023-ல் எல்லா ஜில்லாக்களிலும் நடைப்பயிற்சிக்கென 8 கிலோமீட்டர் பாதைகளைக் குறித்ததும் ஏறக்குறைய அதே பத்தாயிரம் அடிதான். நடக்க முடிந்தவர்கள் தாராளமாக நடக்கட்டும், நல்ல காரியம். ஆனால் குறைவாக நடப்பவர்களுக்குப் பலன் இல்லை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள சுமார் 16,700 பெண்களைக் கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தினம் 2,700 அடி நடந்தவர்களைக் காட்டிலும் 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் நடந்தவர்களுக்கு அதற்கு மேல் பலன் கூடவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது. முன்பு, ஒரே மூச்சாகப் பத்து நிமிஷமாவது இருந்தால்தான் கணக்கில் சேரும் என்று சொல்லிவந்தார்கள். 2020-ல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். கம்பெனிப் பஸ்ஸுக்கு ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்குவதும் கணக்கில் சேரும்.

இனி, உற்சாகமாகத் தொடங்கிப் பதினைந்தாம் நாள் விட்டுவிடுகிறவர்கள். மழையால் ஒரு நாள் தவறும். மறுநாள் மாமியார் ஊரிலிருந்து வருவார். மூன்றாம் நாள், "சங்கிலிதான் அறுந்துவிட்டதே, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பார்ப்போம்" என்ற தீர்மானம் நிறைவேறிவிடும். புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலையை எட்ட எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் சர்வகலாசாலையில் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். ஒரு மண்டலம் போதாது. நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளிலேயே படிந்துவிட்டது. சிலருக்கு 254 நாள் ஆகும்போலத் தோன்றிற்று. ஆனால் இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது கெடவில்லை என்றும் கண்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் லீவு போட்ட பிள்ளையை வருஷம் முழுதும் வீட்டில் இருத்திவிடுகிறோமா? மறுநாள் காலையில் தலை வாரி அனுப்புகிறோம் அல்லவா? அதே நியாயத்தை நமது கால்களுக்கும் காட்டலாம்.

நீரிழிவு உள்ள நேயர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. பயிற்சியைத் தொடங்குமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம். முக்கியமாக மார்வலி உள்ளவர்களும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது, கிரிவலத்திலும் கூடாது. கல் குத்தினாலும் தார் சுட்டாலும் தெரியாது. சிறு புண் பெரும் புண்ணாகி விரலைக் கேட்கும், பிறகு காலைக் கேட்கும். இதற்கு மருந்து நமது ஊரிலேயே பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, குஷ்டரோகத்தால் உணர்ச்சியிழந்த பாதங்களைக் காப்பாற்றுவதற்காக, நுண்ணிய காற்றறைகள் கொண்ட மிருதுவான ரப்பரில் செருப்பு செய்யும் முறையைத் தம் சகாக்களுடன் இங்கே வகுத்தார். அந்த எம்.சி.ஆர். செருப்பையே இன்று நீரிழிவுக்காரர்களுக்கும் வைத்தியர்கள் சிபாரிசு செய்கிறார்கள். வாங்கும்போது சாயங்காலமாகப் போய் அளவு பாருங்கள். அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். இரவில் படுக்குமுன் இரண்டு உள்ளங்கால்களையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.